கண் கெட்ட பிறகு வைத்தியமா?

நீரிழிவு வியாதி கண்ணைக் கெடுக்கும் என்பது இன்று பலருக்கும் தெரியும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் கிருமி நாளடைவில் கல்லீரலைச் சுருங்கச் செய்யும், புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும். ஆனால் இவ்விரண்டும் ஒரே உடலில் குடியேறினால், அந்த மனிதனுடைய பார்வையைப் பற்றிக் கவலைப்படுவது யார்?

ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு ஒரு வரிசை, கல்லீரலுக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை. மூன்று வரிசைக்கும் மூன்று நாள் கூலி போகிறது. மூன்றாவது வரிசை வரைக்கும் போய்ச் சேருகிற தொழிலாளி எத்தனை பேர்?

இந்தக் கேள்விக்கு எகிப்து நாட்டின் அனுபவம் பாதி விடை தருகிறது. மீதிப் பாதியை நாம்தான் போராடிப் பெறவேண்டும்.

1882இல் எகிப்தைப் பிடித்த பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்கு லங்காஷயர் ஆலைகளுக்கான பருத்தி வேண்டியிருந்தது. 1902இல் அஸ்வானில் நைல் நதிக்குக் குறுக்கே அணை எழுந்தது. வருஷம் பூராவும் வாய்க்காலில் தண்ணீர் நின்றது. பருத்தி பெருகிற்று, கூடவே தண்ணீரில் நத்தையும் பெருகிற்று. அந்த நத்தையிலிருந்து வெளிப்படும் பில்ஹார்சியா என்னும் ரத்தப் புழு, வெறுங்காலோடு வாய்க்காலில் இறங்கிய உழவனின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்தது. லாபம் லங்காஷயருக்கு, வியாதி உழவனுக்கு!

இந்தப் புழுவை ஒழிக்க 1950களின் கடைசியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை எகிப்து சர்க்கார் கிராமம் கிராமமாக ஆன்டிமனி மருந்தை ஊசி மூலம் ஏற்றியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஊசிகள் சரிவரச் சுத்தம் செய்யப்படாமல் ஒருவருக்குப் பின் ஒருவராகப் போடப்பட்டன. புழுவை விரட்ட வந்த ஊசியே கல்லீரல் வைரஸ் ஒன்றை லட்சக்கணக்கானவர்களின் ரத்தத்தில் ஏற்றிவிட்டது. ஹெபடைடிஸ் சி என்னும் அந்த வைரஸ் 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. 2008இல் எகிப்தில் நடந்த கணக்கெடுப்பில் 15 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருடைய ரத்தத்தில் அதன் தடயம் இருந்தது.

இந்த வைரசுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் சர்க்கரையின் வழியாக வருகிறது. ரத்தத்திலுள்ள சர்க்கரையை உடல் பயன்படுத்துவதற்கு இன்சுலின் வேண்டும். ஹெபடைடிஸ் சி பீடித்த உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் இவர்களிடையே நீரிழிவு அதிகம். அடங்காத சர்க்கரை கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அரிக்கிறது. குழாய் கசிகிறது, அடைபடுகிறது. பிறகு பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து, ஒருநாள் வெடித்துக் கண்ணுக்குள் ரத்தம் கொட்டுகிறது. அதுவரை வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டுகிறவனுக்கும், நாற்றுக்கு நடுவே களையைப் பிரித்தறிகிறவளுக்கும் பார்வை நன்றாக இருப்பது போலவே தோன்றும். தெரியும்போது காலம் கடந்திருக்கும். லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் மிஞ்சியிருக்கும் பார்வையைக் காக்கும். போன பார்வையை முழுவதும் மீட்டுத் தருவது அரிது.

இதில் இன்னொரு ஆபத்தும் மறைந்திருக்கிறது. மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. சிவப்பு அணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அது அளக்கிறது. கல்லீரல் சுருங்கி மண்ணீரல் வீங்கியவர்களுக்குச் சிவப்பு அணுக்கள் காலத்துக்கு முன்பே அழிந்துவிடுகின்றன. சர்க்கரை ஒட்டுவதற்கே போதிய நாள் கிடைப்பதில்லை. ஆகவே கணக்கு குறைவாக வரும். "சர்க்கரை அடங்கியிருக்கிறது" என்று சீட்டு சொல்லும். உள்ளே கண் அழிந்துகொண்டிருக்கும்! கல்லீரல் நோயாளிகள் இந்த ஒரு சீட்டை மட்டும் நம்பக்கூடாது. வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் எடுக்கும் சோதனையை டாக்டரிடம் கேட்டுப் பெறவேண்டும்.

மருந்தில்லாத வியாதியா இது? இல்லை. முன்பு இன்டர்பெரான் என்ற ஊசியை மாதக்கணக்கில் போட்டார்கள். அதுவே சிலருக்கு, முக்கியமாக நீரிழிவுக்காரர்களுக்கு, விழித்திரையில் ரத்தக் கசிவை உண்டாக்கியது. 2013 டிசம்பரில் சோபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்ற மருந்துகளுடன் சேர்த்துச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் ஹெபடைடிஸ் சி குணமாகும். விலை? கிலியட் என்ற அமெரிக்கக் கம்பெனி அங்கே கேட்டது 84,000 டாலர். ஒரு மாத்திரைக்கு 1,000 டாலர்! 2014இல் எகிப்துக்கு அதே மருந்தை அதே கம்பெனி 900 டாலருக்குத் தர ஒப்புக்கொண்டது. 84,000 எங்கே, 900 எங்கே? இடையிலுள்ள தொகைக்குப் பெயர் மருந்தின் அடக்கவிலை அல்ல, ஏகபோகக் கொள்ளை! எகிப்தியக் கம்பெனிகளே அந்த மருந்தைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை மேலும் சரிந்தது.

2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை, ஏழே மாதங்களில், எகிப்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. 22 லட்சம் பேரிடம் ஹெபடைடிஸ் சி தடயம் கண்டுபிடிக்கப்பட்டது. கிருமி உறுதியானவர்களுக்கு இலவசச் சிகிச்சை கிடைத்தது. அதே இடத்தில், அதே வேளையில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சோதிக்கப்பட்டன. 2023 அக்டோபரில், ஹெபடைடிஸ் சியை ஒழிக்கும் பாதையில் பெரும் முன்னேற்றம் கண்ட நாடு என்று எகிப்தை உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அந்த ஆட்சி தொழிலாளர் ஆட்சி அல்ல. ராணுவ பலத்தில் எழுந்த ஆட்சி. உலக வங்கிக் கடனும் இதில் உண்டு. ஆனாலும் உண்மையை உண்மை என்று ஒப்புக்கொள்வோம்: சர்க்கார் மனம் வைத்தால் ஒரே வரிசையில் ஒரு தேசத்தையே சோதிக்க முடியும்!

ஆனால் அந்த வரிசையிலும் கண் இல்லை. சர்க்கரையைக் கண்டுபிடித்தார்கள், சர்க்கரை தின்றுகொண்டிருந்த விழித்திரையைப் பார்க்கவில்லை. நாம் முன்னேற வேண்டிய இடம் இதுதான்.

நம் நாட்டு நிலைமை என்ன? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உண்டு என்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பியும், 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சியும் இருந்தன. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி இவற்றுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. இவற்றை வரவேற்கிறோம்.

ஆனால் கண் பரிசோதனை மாத்திரைப் பொட்டலம் போல வீட்டுக்கு வந்து இறங்குவதில்லை. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். மெஷினருகே நிற்க முடியாது, வரப்பில் நடக்க முடியாது. அன்றைய கூலி போயிற்று என்றே அர்த்தம். நிரந்தரத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அட்டையே கிடைக்காத காண்ட்ராக்ட் தொழிலாளி எங்கே போவான்? அந்தச் சட்டத்துக்கே வெளியில் நிற்கும் விவசாயத் தொழிலாளி எங்கே போவாள்? "அறியாமையால் கண்ணை இழந்தார்கள்" என்று பிறகு உபதேசம் செய்வார்கள். அறியாமை அல்ல, ஐயா! அரை வயிற்றுக் கூலி!

ஆகவே நாம் கோருகிறோம்:

நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும், வியாதி தெரிந்த நாளிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி, சி சோதனையும், கல்லீரல் வைரஸ் உள்ளவருக்குச் சர்க்கரைச் சோதனையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும்.

அந்த நாளுக்கு ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் லீவும், விவசாயத் தொழிலாளிக்குக் கூலி ஈடும் தரவேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு இ.எஸ்.ஐ. அட்டை வழங்க வேண்டும்.

விரல் குத்தும் ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே முதியோர் இல்லங்களில் சர்க்கரை பார்க்கும் கருவியைப் பலருக்கும் பொதுவில் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் பி பரவியிருக்கிறது. எகிப்து உழவன் கொடுத்த விலையை இன்னொருவர் கொடுக்கக்கூடாது.

தோழர்களே! சர்க்கார் செய்யும்வரை சங்கம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் கிளையில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் இந்த வருஷம் கண்ணைக் காட்டியவர்கள் எத்தனை பேர், பக்கத்து சுகாதார நிலையத்தில் என்ன வசதி இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வைரசுக்கு மருந்து சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். டாக்டரிடம் சொல்லிச் சர்க்கரை மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அதிகாரிகளின் வாசலுக்கு ஊர்வலமாகச் செல்லுங்கள்.

நூலை நூற்பதும் நெல்லை விளைவிப்பதும் உழைப்பவனின் கையும் கண்ணும். அந்தக் கண்ணைக் காப்பது தர்மமல்ல. அவன் உழைப்புக்கு இந்த நாடு செலுத்த வேண்டிய கடன்!