வள்ளத்துக்கும் ஒரு தொட்டில்

வாடைக்காற்றுத் தொடங்கினால் முல்லைத்தீவுக் கரையில் பைபர் வள்ளங்கள் கரையேறிவிடும். அதன் பின் அவை எப்படிக் கிடக்கின்றன என்று பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. போரில் கணவரை இழந்த சகோதரிகள் சிலருக்குத் தம் பெயரில் உள்ள ஒரே சொத்து அந்த வள்ளம்தான். தாம் கடலுக்குப் போகாமல் பங்குக்கு விடுகிறார்கள். அடி வெடித்தால் திருத்தும் செலவு அவர்கள் தலையில்தான் விழும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அவசரமாகச் செய்து கொடுத்த வள்ளங்களிற் சில மெல்லியவை. வள்ளம் தந்தவர்கள் அதை ஏற்றி வைக்க எதையும் தரவில்லை.

தண்ணீரில் நிற்கும்போது கடல் வள்ளத்தின் அடி முழுவதையும் தாங்குகிறது. தரையிலோ முட்டும் இடத்தில் மட்டுமே பாரம் இறங்கும். நான் பார்த்த ஒரு வள்ளம் நடுவில் ஒரேயொரு தென்னங்குற்றியின் மேல் இருந்தது. அணியமும் பின்பக்கமும் அந்தரத்தில். உள்ளே மழைநீர் வேறு. 4 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலத்தில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 400 லீற்றர், அதாவது 400 கிலோ! குற்றி முட்டிய இடத்தில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருந்தன. அவற்றினூடாக நீர் உள்ளே ஊறினால் பைபர் படைகள் பலம் இழக்கும்.

இதற்குத்தான் வள்ளத்தின் அடிக்கு அளவான தாங்கி வேண்டும். நீளத்துக்கு ஓடும் ஏராதான் பாரத்தைச் சுமக்க வேண்டும்; பக்கத் தாங்கிகள் வள்ளம் சரியாமல் பிடிப்பதற்கே. ஆகவே ஏராவின் கீழே ஒரு நீளக் கட்டை, அதற்குக் குறுக்கே முன்னும் பின்னுமாக இரண்டு சட்டங்கள். சட்டங்களை, வள்ளத்தின் உள்ளே குறுக்குத் தட்டு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே வையுங்கள். அந்த இடம்தான் உறுதியானது.

வளைவை எடுப்பது சட்டை வெட்டத் தெரிந்தவர்களுக்குப் பெரிய காரியமல்ல. தடித்த காட்போட் மட்டையை வள்ளத்துக்குக் குறுக்கே நிமிர்த்திப் பிடியுங்கள். சிறு கட்டையொன்றில் பென்சிலைக் கட்டி, கட்டை வள்ளத்தில் முட்டியபடியே மேலிருந்து கீழே இழுங்கள். வளைவு கோடாக விழும். வெட்டிப் பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் மீண்டும் கீறி வெட்டுங்கள். மறுபக்கத்துக்கு அதே மட்டையைத் திருப்பிப் பிடிக்கலாம், ஆனால் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான். கையால் செய்த வள்ளங்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. பழைய ரயர்த் துண்டை மெத்தையாக அடிப்பதானால் அதன் தடிப்பையும் சேர்த்து வெட்ட வேண்டும். ஆணித்தலைகள் இரப்பருக்குள் நன்றாகப் புதைந்திருக்கட்டும். சாக்கும் கம்பளமும் வேண்டாம்; ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

“உது ஆம்பிளையளின்ர வேலை, உங்களுக்கு ஏன்?” என்று கேட்பார்கள். மட்டையை நீங்களே வெட்டித் தச்சரிடம் கொடுங்கள். அளவு உங்கள் கையில் இருந்தால், “சும்மா இரண்டு ரயரை வைச்சால் காணும்” என்று யாரும் உங்களை அனுப்பிவிட முடியாது.

ஏற்றிய பின் இயந்திரத்தைக் கழற்றுங்கள். அணியத்தைச் சற்று உயர்த்தி, பின்பக்கத்து நீர் அடைப்பானைத் திறந்து விடுங்கள். பங்குக்கு விடும்போது, பருவ முடிவில் வள்ளத்தைத் தாங்கியில் ஏற்றித் தருவது எடுப்பவரின் பொறுப்பு என்று, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.