சும்மா இருப்பவர்கள் மீது ஏன் இத்தனை கோபம்?

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் கடைக் கூட்டத்தைத் தாண்டி, மார்பிள் ஆர்ச் வளைவைக் கடந்து நாலு எட்டு வைத்தால், ஹைட் பூங்காவைப் பார்த்தபடி டைபர்ன் கன்னியர் மடம் நிற்கிறது. அங்குள்ள பெனடிக்ட் சபைச் சகோதரிகள் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ நடத்துவதில்லை. இரவு பகலாக, முறை வைத்து, நற்கருணை முன்னால் முழந்தாளிட்டு ஆராதிக்கிறார்கள். அதுதான் அவர்கள் வேலை.

இதனால் யாருக்கு என்ன பயன்? நிலத்தின் விலை கண்ணைக் கட்டும் ஊரில் இந்தக் கேள்வி எழாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஐரோப்பாவில் இதை உரக்கக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஆட்சியில் இருந்தவர்களே. பதிலையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் ஜோசப் கத்தோலிக்கர்தான். அவரே 1782இல், கல்விக்கோ நோயாளிகளுக்கோ உதவாத தியான மடங்களை மூட ஆணையிட்டார். கார்மேல் கன்னியரும் கிளாரா சபையினரும் வெளியேற வேண்டியதாயிற்று. பறித்த சொத்து பங்குக் கோயில்களுக்குப் பயன்பட்டது என்பது உண்மை. அதற்காக அந்த ஆணையை மெச்சுவதற்கில்லை.

டைபர்ன் சகோதரிகளையும் லண்டனுக்கு விரட்டியது ஒரு சட்டம்தான். அதேல் கார்னியே என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1898இல் பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் இந்தச் சபையைத் தொடங்கினார். துறவற சபைகள் அரசின் அனுமதி பெற்றாக வேண்டும் என்று 1901இல் பிரான்ஸ் சட்டம் போட்டது. சகோதரிகள் கடல் கடந்தார்கள். 1903இல் டைபர்னில் குடியேறினார்கள்.

தேடிப்பிடித்த இடம் சாதாரணமானதல்ல. பல நூற்றாண்டுகள் லண்டனின் தூக்குமேடை அங்கேதான் இருந்தது. 1535 முதல் 1681 வரை 105 கத்தோலிக்கர்கள் விசுவாசத்துக்காக அங்கே உயிர்விட்டார்கள். மடத்தின் நிலவறைக் கோயில் அவர்களின் நினைவிடம்.

அந்த வரிசையில் முதலில் இறந்தவர்களில் மூவர் கார்த்தூசியன் மடத் தலைவர்கள். ஒருவர் லண்டன் மடத்தின் ஜான் ஹௌட்டன். தனித்தனி அறைகளில் பேச்சைக் குறைத்து வாழ்ந்த துறவிகள் அவர்கள். படையும் இல்லை, பணமும் இல்லை. மன்னர் எட்டாம் ஹென்றியே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என்று சத்தியம் செய்ய மறுத்தார்கள், அவ்வளவுதான். 1535 மே 4 அன்று அவர்களை மரச்சட்டத்தில் கட்டி ஊர் நடுவே இழுத்துப்போய்க் கொன்றார்கள்.

ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்றால் அப்படியே விட்டிருக்கலாமே! பதவிக்கும் பணத்துக்கும் மசியாதவர் ‘முடியாது’ என்றால் ஊர் காதுகொடுத்துக் கேட்கும். ஹென்றிக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. தியான மடங்களின் பயனைக் கணக்கிடுவோர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஹௌட்டனின் துறவிகளில் பலர் பிறகு நியூகேட் சிறையில் பட்டினி போட்டே சாகடிக்கப்பட்டார்கள். பறிக்கப்பட்ட மடம் பிரபுக்களின் மாளிகையானது. 1611இல் தாமஸ் சட்டன் என்ற செல்வந்தர் விட்டுச்சென்ற சொத்தால் அங்கே முதியோர் இல்லமும் பள்ளியும் வந்தன. முதியோர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். நல்ல காரியம்தான்; ஆனால் அதற்காகத் துறவிகளைக் கொன்றிருக்க வேண்டியதில்லை. லண்டனில் சட்டனுக்கு வேறு இடமா கிடைத்திருக்காது?