ஜன்னலுக்கு ஒரு தட்டி

செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டவர்களைப் பற்றிச் சரித்திரம் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. சத்ரபதி ராஜாராம் உள்ளே இருந்தபோது, மொகலாய சேனை 1690-ம் ஆண்டில் வந்து இறங்கி, 1698-ம் ஆண்டில் கோட்டை விழும் வரையில் விடாமல் போராடியது. ஆனால் அந்தச் சேனையைக் காட்டிலும் பொறுமைசாலியான எதிரி ஒருவர் உண்டு. வருஷந்தோறும் பங்குனி பிறந்தால் வந்துவிடுவார். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக உள்ளே நுழைவார். சூரிய பகவானைத்தான் சொல்கிறேன்.

செஞ்சியில் எங்கள் பெரியப்பாவின் வீடு மேற்குப் பார்த்த வீடு. சென்ற சித்திரையில் அங்கே போயிருந்தேன். பெரியப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு, நிழல் போகிற இடமெல்லாம் தாமும் போய்க் கொண்டிருந்தார். வெயிலில் அலையக் கூடாது என்பது அவருக்கு வைத்தியர் இட்டிருக்கும் கட்டளை. அவர் அலையவில்லை, வெயில்தான் அவரைத் தேடிக்கொண்டு கூடத்துக்குள் அலைந்தது.

"வாப்பா, இதைக் கொஞ்சம் பார்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். ஆறு ஜன்னல்களுக்கும் சுருள் திரை போடுவதற்கு வெளியூர்க் கடையொன்று எழுதிக் கொடுத்த விலைக் குறிப்பு அது. மொத்தம் 12,000 ரூபாய்.

"சதுர அடி 110 ரூபாய் என்றுதானே சொன்னார்கள்? நான் போட்ட கணக்கு எட்டாயிரத்துக்குள் அல்லவா வந்தது! வயசாகிவிட்டது; பெருக்கல்கூட மறந்து போயிற்று போலிருக்கிறது" என்றார்.

அவர் குரலில் இருந்த கூச்சம் என் மனத்தை என்னவோ செய்தது. நாற்பது வருஷம் கணக்கு எழுதிய மனிதர் அவர். உட்கார்ந்து நானும் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு ஜன்னலும் மூன்றடி அகலம், நாலடி உயரம். அதாவது 12 சதுர அடி. ஆறுக்கும் 72 சதுர அடி. 110 ரூபாய் வீதம் 7,920 ரூபாய். பெரியப்பாவின் கணக்கில் தவறே இல்லை.

மர்மம் காகிதத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருந்தது. ஒரு திரைக்குக் குறைந்தபட்ச அளவு 15 சதுர அடியாம்! ஆகவே 72 சதுர அடி 90 ஆகிவிட்டது, விலை 9,900. மாட்டுக் கூலி திரைக்கு 250 வீதம் 1,500. வண்டிச் சத்தம் 600. உண்மையில் ஜன்னலை மறைக்கிற ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறக்குறைய 167 ரூபாய் ஆகிறது. சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

ஆதலால், திரை வாங்க உத்தேசிக்கும் நேயர்கள் "சதுர அடி என்ன விலை?" என்று கேட்பதோடு நிறுத்திக் கொள்ளக் கூடாது. குறைந்தபட்ச அளவு உண்டா? அரை அடி மிஞ்சினால் முழு அடியாகக் கணக்கிடுவீர்களா? கம்பி, கொக்கி, கூலி, வண்டிச் சத்தம், வரி எல்லாம் சேர்ந்ததா? அளவு தவறினால் நஷ்டம் யாருடையது? இந்த நாலு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

அதற்கும் முந்தின கேள்வி ஒன்று உண்டு. ஆறு ஜன்னலுக்கும் திரை வேண்டுமா? செஞ்சியில் சித்திரை பத்துத் தேதிக்கு மேல் ஆவணித் தொடக்கம் வரையில், நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கிறான். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. வடக்கு ஜன்னலுக்கு நண்பகலில் மேலே நீட்டிய சன்ஷேடே போதும். கிழக்கு வெயில் காலையோடு சரி. பகலெல்லாம் காய்ந்த சுவரோடு சேர்ந்துகொண்டு தாழ்வாகப் பாயும் மேற்கு வெயிலுக்குத்தான் குறுக்கே ஏதாவது தொங்க வேண்டும். பெரியப்பா வீட்டில் மேற்கு ஜன்னல்கள் இரண்டே இரண்டு!

எங்கே தொங்கவிடுவது என்பதும் முக்கியம். கண்ணாடிக்கு உட்புறம் திரை போட்டால் வெளிச்சம் குறையும். ஆனால் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகே திரையைச் சுட வைக்கிறது. அந்தச் சூட்டில் பெரும் பகுதி அறையிலேயே தங்கிவிடும். வெளியே தொங்கும் தட்டியோ வெயிலை வாசலிலேயே நிறுத்துகிறது. சூட்டைக் காற்று கொண்டு போகிறது.

இது புதிய ஞானம் அல்ல. 2025-ம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டைக்குள், ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மஹால் இருக்கிறது. அதன் கோபுரத்தில் மாடிக்கு மாடி நடுவே ஒரு சிறு அறை. அதைச் சுற்றிலும் வளைவுகள் வைத்த தாழ்வாரம். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். அறைக்குள் காற்று மட்டும் வரும்.

தாழ்வாரம் கட்ட நமக்கு வசதியில்லை. மூங்கில் தட்டி கட்டலாம். உள்ளூரிலேயே தட்டி பின்னுகிற ஒருவரை அழைத்து வந்தோம். ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. ஆகையால் அவை இடிக்காதபடி, சன்ஷேடின் முன் விளிம்பில் கொக்கி அடித்தார். பக்கவாட்டில் வெயில் நுழையாமலிருக்க, ஜன்னலைவிட ஓரடி அகலமாகவும் ஓரடி நீளமாகவும் பின்னினார். கயிறு, உருளை, கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சத்தில் காரியம் முடிந்தது. மூங்கில் என்றென்றும் உழைக்காது. மழையும் பூச்சியும் அதற்குப் பகை. மழைக்காலத்தில் அவிழ்த்து உலர்த்தி வைத்தால் ஆயுள் நீளும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொண்டால் சில நிமிஷங்களில் உயிருக்கே ஆபத்து. அயல் நாடுகளில் இப்படிப் பல குழந்தைகள் இறந்ததன் பேரில் கயிறில்லாத திரைகளை வற்புறுத்தி விதிகள் செய்திருக்கிறார்கள். நம் வீட்டில் சுவரில் உயரமாக ஒரு முளை அடித்து, கயிற்றை அதில் சுற்றிவிட்டால் போதும். கட்டிலையும் தொட்டிலையும் அதன் அருகே போடாதீர்கள்.

நான் புறப்பட்ட அன்று பிற்பகல் மூன்று மணி. பெரியப்பா கூடத்தில் நாற்காலியை நகர்த்தாமல் உட்கார்ந்து, பத்திரிகை படித்துக் கொண்டிருந்தார். விலைக் குறிப்பின் பின்புறத்தில் மீண்டும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். விடை சரியாகவே இருந்தது.