இழுப்பு நின்றால் நோய் நின்றதா?

ஆஸ்துமாவுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமில்லை. ஈளை என்போம், இரைப்பு என்போம், இழுப்பு என்போம். ஒன்று சளியைச் சொல்கிறது, ஒன்று ஓசையை, மற்றது மூச்சுக்குப் படும் பாட்டை. மூன்றும் வெளியே தெரிவதன் பெயர்கள். நோயின் இருப்பிடமோ மூச்சுக்குழலின் உட்சுவர். தூசிச் சிற்றுண்ணியோ மகரந்தமோ ஒவ்வாமல் போக, அச்சுவர் சிவந்து வீங்கிச் சளி சுரந்து கிடக்கிறது. இதற்கு ‘அழற்சி’ என்று நல்ல தமிழ்ச்சொல் உண்டு. பேச்சில்தான் அது இல்லை. ஓசை நின்ற நாளிலும் அழற்சி நிற்பதில்லை.

பெயரில் நேர்ந்த இக்குறை மருந்திலும் தொடர்கிறது. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சால்பியூட்டமால் இன்ஹேலர், இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், நாலைந்து மணி நேரம் தாங்கும், அழற்சியைத் தொடாது. அதைத் தணிப்பவை பெக்ளோமெத்தசோன் (1972இல் இன்ஹேலராக வந்தது), புடசோனைடு போன்ற உறிஞ்சு ஸ்டீராய்டுகள். அவை வேலை செய்வது தெரிய நாள்கள், சில வேளை வாரங்கள் ஆகும். உடனே தெரியாததை நாம் மருந்தென ஒப்புவதில்லை!

போதாக்குறைக்கு ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லச்சம். ‘பழகிவிடும்’ என்ற உபதேசம். மூக்குக்கண்ணாடியும்தான் பழகுகிறது, யாரும் கழற்றச் சொல்வதில்லை. ஐதராபாத்தில் ஜூன் மாதம் உயிருள்ள விரால் குஞ்சை மருந்தோடு விழுங்க வரிசையில் நிற்பவர்களுக்கு, மைக்ரோகிராம் அளவில் நுரையீரலுக்கு நேரே செல்லும் மருந்து அச்சமூட்டுகிறது! அதைத் தவிர்த்தவர் மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போனால் கிடைப்பதும் ஸ்டீராய்டுதான். மாத்திரையாகவோ ஊசியாகவோ, மில்லிகிராம் கணக்கில், உடல் முழுவதற்கும்.

உறிஞ்சு மருந்துக்குக் குறையே இல்லை என்று வாதிட மாட்டேன். வாயில் வெண்பூஞ்சை படியலாம், குரல் கம்மலாம். (குரலால் பிழைக்கும் எம்மனோர்க்கு இது சிறு குறையன்று.) வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரிதும் தவிர்க்கலாம். சிறுவயதில் புடசோனைடு எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று, வளர்ந்தபின் அவர்கள் உயரம் சராசரியாக 1.2 செ.மீ. குறைந்ததென 2012இல் கூறியது. அதை மறைக்க வேண்டாம். மூச்சுத்திணறிச் சாகும் குழந்தையின் கணக்கையும் அருகில் வைத்துப் பேசுவோம்.

வயதுவந்தோருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுத்து நடத்தும் சிகிச்சை கூடாதென 2019லேயே உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுநெறி அறிவித்துவிட்டது. நம் மருத்துவர்களில் பலர் இன்னும் சீட்டை நீட்டிவிட்டு அடுத்தவரை அழைக்கிறார்கள். எது தசைக்கு, எது அழற்சிக்கு, எதை இழுப்பு நின்றபின்னும் நிறுத்தலாகாது என்று தமிழில் மூன்று வாக்கியம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.