வேட்டியின் மடிப்பும் திரையின் கணக்கும்

ஒரு காட்சியின் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் இடையே, விவரம் கெடாமல் ஒரு கேமரா பதிவுசெய்யக்கூடிய வேறுபாட்டின் அளவே டைனமிக் ரேஞ்ச் எனப்படுகிறது. இதை அளக்கும் அலகு ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்காகும், ஆகவே 10 ஸ்டாப் என்பது 1,024 மடங்கு வேறுபாட்டையும் 14 ஸ்டாப் என்பது 16,384 மடங்கு வேறுபாட்டையும் குறிக்கும். இந்த வீச்சின் இரு முனைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. மேல் முனையில் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடத்தைப் போன்றது. நிரம்பிய பின் எவ்வளவு ஊற்றினாலும் வழிந்தோடுமே தவிர அளவு ஏறாது. கீழ் முனையிலோ, சென்சாரின் மின்சுற்றே எழுப்பும் இரைச்சலுக்குள், புகைப்படக்காரர்கள் நாய்ஸ் என்று சொல்லும் புள்ளிப் புழுதிக்குள், ஒளி மெல்ல மெல்லக் கரைகிறது. நிழலில் புதைந்ததை ஓரளவு தோண்டி எடுக்கலாம், வெளிச்சத்தில் வழிந்துபோனதை மீட்க வழியில்லை என்னும் இந்த ஏற்றத்தாழ்வே கேமராக்களில் உள்ள டைனமிக் ரேஞ்ச் அமைப்புகளுக்கு அடிப்படை.

சிக்கல் பழையது. 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகையாக வாங்கிக்கொண்டதால், கடல் சரியாகப் பதிந்த தகட்டில் வானம் வெளிறிப்போயிற்று. எனவே சில படங்களுக்கு அவர் வானத்துக்கென ஒரு நெகட்டிவும் கடலுக்கென ஒரு நெகட்டிவும் எடுத்து, அடிவானத்தில் இரண்டையும் பொருத்தி அச்சிட்டார். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறை, முழுக் கருப்பு முதல் முழு வெள்ளை வரை 11 படிகளை வரையறுத்து, காட்சியின் எந்தப் பகுதி எந்தப் படியில் விழவேண்டும் என்பதை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே மனத்துள் முடிவுசெய்யப் பழக்கியது. லெ கிரே இருட்டறையில் பட்ட பாட்டை இன்று கேமராவுக்குள் இருக்கும் செயலி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆடம்ஸ் மனக்கண்ணால் பார்த்ததை லைவ் வியூ திரை வெளியே எடுத்துக் காட்டுகிறது.

செயலி செய்யும் வேலையை அறிய ஃபியூஜிஃபில்ம் கேமராக்களின் டிஆர் அமைப்பு நல்ல எடுத்துக்காட்டு. அதில் டிஆர் 100, டிஆர் 200, டிஆர் 400 என மூன்று நிலைகள் உண்டு. எக்ஸ்-டி3 கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன் அளவு, 160. ஆனால் டிஆர் 200 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ குறைந்தது 320 ஆகவும், டிஆர் 400 வேண்டுமென்றால் 640 ஆகவும் இருக்கவேண்டும். ஐஎஸ்ஓ 640க்கு உரிய எக்ஸ்போஷர், 160க்கு உரியதில் நான்கில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடுகிறது. டிஆர் 400இல் கேமரா அந்தக் குறைந்த ஒளியை 640க்கு உரிய அளவுக்கு மின்னளவில் பெருக்காமல், 160க்கு உரிய பெருக்கத்தோடு பதிந்துகொண்டு, பிறகு ஜேபெக் படத்தை உருவாக்கும்போது நடுத்தர ஒளியையும் நிழலையும் மட்டும் மேலே தூக்கிவிடுகிறது. மேல் முனையில் 2 ஸ்டாப் இடம் கிடைப்பது இப்படித்தான். சென்சாரின் கொள்ளளவு கடுகளவும் கூடவில்லை. நிழலின் பங்கிலிருந்து எடுத்து வெளிச்சத்தின் பங்கில் சேர்த்ததே நடந்தது.

நண்பகலில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். முகம் கூரையின் நிழலில் இருக்கிறது, வெள்ளை வேட்டியின் முழங்கால் பகுதியில் வெயில் விழுகிறது, பின்னால் பழைய மரக்கதவு. முகத்தை நடுச்சாம்பல் அளவில் வைத்து எக்ஸ்போஷர் அமைத்தால் வேட்டி அதைவிட 4 ஸ்டாப் மேலே நிற்கிறது என்று கொள்வோம். சாதாரண ஜேபெக் படம் நடுச்சாம்பலுக்கு மேலே ஏறத்தாழ இரண்டரை முதல் 3 ஸ்டாப் வரையே விவரத்தைத் தாங்கும். எனவே டிஆர் 100இல் முழங்காலின் மேல் துணி இருக்காது, மடிப்போ நெசவோ இல்லாத வெள்ளைத் திட்டு ஒன்றே இருக்கும். டிஆர் 200 அதை விளிம்புக்குக் கொண்டுவருகிறது. டிஆர் 400இல் மடிப்பின் நிழற்கோடுகள் திரும்பிவிடுகின்றன, கரையின் நிறமும் தெரிகிறது; அதற்கு ஈடாக மரக்கதவின் இருண்ட மூலையில் நாய்ஸ் சற்றே தலைகாட்டுகிறது. இந்தக் காட்சியில் அது கொடுக்கத் தகுந்த விலை. நிழலும் வெயிலும் பிரியாத மேகமூட்டமான நாளில் அதே விலை வீண் செலவு.

பிற நிறுவனங்களும் இதே சிக்கலை வேறு பெயர்களில் அணுகுகின்றன. கேனன் 2007இல் இஓஎஸ்-1டி மார்க் 3 கேமராவில் ஹைலைட் டோன் பிரையாரிட்டி என்னும் வசதியைக் கொண்டுவந்தது. நிக்கான் அதே ஆண்டில் டி3, டி300 கேமராக்களில் ஆக்டிவ் டி-லைட்டிங்கை அறிமுகப்படுத்தியது. சோனியின் டிஆர்ஓ, பதிவான ஒளியை அப்படியே வைத்துக்கொண்டு ஜேபெக் படத்தின் நிழல்களைத் திறந்துவிடுகிறது. பெயர் எதுவானாலும், ஓர் அமைப்பு எக்ஸ்போஷரைக் குறைத்து வெளிச்சத்தைக் காக்கிறதா, அல்லது பதிந்த பின் நிழலுக்கு மட்டும் பூச்சு தருகிறதா என்று கேட்டறிவது பயன்படுத்துவோரின் கடமை. முதல் வகை, சென்சாரின் பதிவை ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் பாதிக்கும், இரண்டாம் வகை பாதிக்காது.

லைவ் வியூ என்பது சென்சாரில் விழும் ஒளியையே தொடர்ந்து திரைக்கு அனுப்பிக் காட்டும் முறை. லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்எல்ஆர் வகையில் அதை முழுநேர வசதியாக முதலில் தந்தது 2006இல் வந்த ஒலிம்பஸ் இ-330; 2008இல் பானசோனிக் ஜி1, எஸ்எல்ஆரின் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடியையே நீக்கிவிட்டு வந்த பிறகு, எடுக்கப்போகும் படத்தை முன்கூட்டியே பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எனினும் திரையில் தெரிவது சென்சாரின் முழுப் பதிவு என்று நம்புவது பிழை. அது வண்ணமும் மாறுபாடும் சேர்த்துச் சமைக்கப்பட்ட ஜேபெக் படத்தின் முன்னோட்டம். ஒளியின் பரவலை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமும், வெளிறும் இடங்களில் ஓடும் ஸீப்ரா கோடுகளும் பெரும்பாலான கேமராக்களில் அந்தச் சமைத்த படத்திலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளை வைத்திருக்க, 14 பிட் ரா கோப்பு 16,384 படிகளை வைத்திருக்கிறது. எச்சரிக்கை மாறுபாடு சேர்த்துச் சமைத்த படத்திலிருந்தே வருவதால், திரை வெளிறிவிட்டது என்று சொல்லும் இடத்தில் ரா கோப்பில் இன்னும் விவரம் எஞ்சியிருக்கலாம். ரா எடுப்போர் சிலர் இதனாலேயே படப் பாணியின் மாறுபாட்டைக் குறைத்துவைத்து, எச்சரிக்கையை உண்மைக்கு அருகில் கொண்டுவருகின்றனர்.

திரைக்கு இன்னொரு குறையும் உண்டு. கொளுத்தும் வெயிலில் அது மங்கித் தெரிவதால் படம் இருட்டாக இருக்கிறதென்று எண்ணி எக்ஸ்போஷரைக் கூட்டவும், இரவில் அது பளிச்சென்று தெரிவதால் போதுமென்று எண்ணிக் குறைத்துவிடவும் கை போகிறது. கண் சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது, ஹிஸ்டோகிராம் அப்படி மாறுவதில்லை. ஸ்டுடியோவில் ஃபிளாஷ் பயன்படுத்தும்போது, ஃபிளாஷ் இன்னும் மின்னாத அறையின் ஒளியை மட்டும் கணக்கில் கொண்டு திரை இருண்டுபோகும் என்பதால், எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை அணைத்துவிடுவதே முறை. எக்ஸ்-டி3இல் உள்ள நேச்சுரல் லைவ் வியூ போன்ற வசதி, வண்ண அமைப்புகளின் விளைவை நீக்கி நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க உதவுகிறது. முடிவான படம் எப்படி வரும் என்பதை அது சொல்லாது.

ஆகவே திண்ணை முதியவரை எடுப்பவர் முதலில் திரையில் வெளிறல் எச்சரிக்கை எங்கே தோன்றுகிறது என்று பார்க்கவேண்டும். அது வேட்டியின் முழங்காலில் தோன்றினால் டிஆர் 400க்கு மாறலாம். மாறிய பின்னும் தோன்றினால் எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைக்கலாம். ஓரத்தில் தெரியும் வெயில் முற்றத்தின் சுவரில் மட்டும் தோன்றினால், அந்தச் சுவரை வெளிறவிட்டு முகத்தைக் காப்பதே தக்கது. ஓர் இடம் வெளிறுகிறது என்பதைத் திரை சொல்லிவிடும். அந்த இடம் வேட்டியா சுவரா என்பதும், இரண்டில் எதை இழக்கலாம் என்பதும் அதற்குத் தெரியாது.