சிசுக்களின் மூச்சும் காப்புரிமைப் பூட்டும்

“சளிதானே, தானாகப் போய்விடும்” என்ற ஆறுதல் பெரியவர்களுக்குப் பொருந்தும். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்குப் பொருந்தாது. ஆர்.எஸ்.வி. எனப்படும் சுவாச வைரஸ் பெரியவரிடம் பெரும்பாலும் மூக்கொழுகலோடு நின்றுவிடுகிறது. சிசுவிடமோ நுரையீரலின் நுண்ணிய காற்றுக்குழாய்களை வீங்கச்செய்து, சளியால் அடைத்து, மூச்சையே நிறுத்திவிட வல்லது. ஆக்சிஜனும் நீர்ச்சத்தும் விழிப்பான செவிலியர் கவனிப்புமே இதற்கான சிகிச்சை.

2019இல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட 1,01,400 குழந்தைகளை இந்த வைரஸ் பலிகொண்டது என்று 2022இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆறு மாதம்கூட நிரம்பாதவர்கள். மரணங்களில் 97 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை. இரண்டு வயதுக்குள் பணக்காரக் குழந்தை, ஏழைக் குழந்தை என ஏறக்குறைய எல்லோரையும் இது தொற்றுகிறது. ஆனால் ஒற்றையறைக் குடித்தனமும், விறகடுப்புப் புகையும், பேறுகால விடுப்பற்ற தாயின் கூலி வேலையும், ஆக்சிஜன் இல்லாத சுகாதார நிலையமும் சேர்ந்தே யார் பிழைப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன.

தடுக்கும் வழி இல்லாமல் இல்லை. 1960களில் அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட தடுப்பூசி, நோயைக் கடுமையாக்கி இரு குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அத்தோல்வியின் நிழலில் பல பத்தாண்டுகள் கழிந்தன. 2013இல் வைரசின் மேற்புறப் புரதத்தின் உண்மை வடிவத்தைக் கண்டறிந்து முடிச்சை அவிழ்த்தவர்கள், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகள். செலவு மக்கள் வரிப்பணம். அந்த அடித்தளத்தில் எழுந்த, கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி 2023இல் ஃபைசர் நிறுவனத்தின் சரக்காகச் சந்தைக்கு வந்தது. சிசுக்களுக்கு ஒரே முறை போடும் நிர்செவிமாப் ஊசியை ஸ்பெயினின் கலீசியா மாநில அரசு எல்லாச் சிசுக்களுக்கும் வழங்கியபோது, மருத்துவமனைச் சேர்க்கைக்கு எதிராக 82 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவில் 2023இல் அதன் பட்டியல் விலை 495 டாலர். நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கும் மேல்!

“முதலிட்டவர் லாபம் எடுக்கட்டும், காலப்போக்கில் விலை குறையும்” என்கின்றனர் சந்தையின் வழக்கறிஞர்கள். அந்தக் ‘காலப்போக்கு’ எவ்வளவு? நிமோகாக்கல் தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2000இல். நமது தேசியத் திட்டத்தில், அதுவும் சில மாநிலங்களில் மட்டும், நுழைந்தது 2017இல். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் பிறந்த ஏழைக் குழந்தைகளுக்கு என்ன பதில்?

இன்னொரு வரலாறும் உண்டு. 1997இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியைத் தயாரித்து, இறக்குமதி விலையில் ஒரு சிறு பகுதிக்கு விற்றது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத 1970ஆம் ஆண்டுச் சட்டம் அன்று நடைமுறையில் இருந்தது. உலக வர்த்தக அமைப்பின் கட்டளைப்படி 2005இல் அச்சட்டம் மாற்றப்பட்டது. எஞ்சிய ஆயுதம் கட்டாய உரிமம். 2012இல் அது பயன்படுத்தப்பட்டபோது, பேயர் நிறுவனம் மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற புற்றுநோய் மருந்து 8,800 ரூபாய்க்கு இறங்கியது. அந்த ஆயுதத்தை ஆட்சியாளர்கள் உறையிலேயே துருப்பிடிக்க விட்டுவிட்டனர்.

உரிமம் மட்டும் போதாது. தயாரிக்க ஆலை வேண்டும். கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய இடங்களில் இருந்த பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமங்களை 2008இல் முடக்கியது மத்திய அரசே. செங்கல்பட்டில் நூற்றுக்கணக்கான கோடியில் எழுப்பப்பட்ட தடுப்பூசி வளாகம், கொரோனாப் பெருந்தொற்றிலும் ஒரு குப்பி தயாரிக்காமல் கிடந்தது.

தோழர்களே, நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆர்.எஸ்.வி. தடுப்பைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்து இலவசமாக வழங்கு! கட்டாய உரிமத்தைப் பயன்படுத்து! பொதுத்துறை ஆலைகளை இயக்கு! ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் ஆக்சிஜனை உறுதிசெய்! அமைப்புசாராத் தொழிலாளர்க்கும் ஊதியத்துடன் பேறுகால விடுப்பு கொடு! இவற்றை மாதர் அமைப்புகளிடமும், அங்கன்வாடி, ஆஷா ஊழியர் சங்கங்களிடமும் கொண்டுசெல்வோம். மக்கள் பணத்தில் விளைந்த அறிவு மக்களின் குழந்தைகளுக்குச் சேர வேண்டும்.