வாக்குப் போட்டதோடு கடமை முடிவதில்லை: சங்கத் தேர்தல்களும் எங்கள் பிள்ளைகளும்

சென்ற ஞாயிறு ஸ்காபரோவில் அண்ணர் வீட்டில் மதியச் சாப்பாடு. அண்ணரின் மகள் ரொறன்ரோவில் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் புரோகிராமராக இருக்கிறாள். சாப்பிட்டபடியே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு மின்னஞ்சலை விரலால் தள்ளி அழித்தாள். "என்ன பிள்ளை அது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை சித்தப்பா. எங்கட கேம் டெவலப்பர்ஸ் சங்கத்தில போர்ட் எலெக்ஷனாம். வாக்குப் போடச் சொல்லி மெயில். நிக்கிற ஆக்கள் ஆரெண்டே தெரியாது, போட்டென்ன விட்டென்ன?"

எதிரில் இருந்து மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணர், போன மாதம்தான் தன் பழைய மாணவர் சங்கத் தலைவர் தெரிவுக்காக ஒரு கிழமை முழுக்க ஆட்களுக்கு ரெலிபோன் அடித்தவர். ஊர்ப் பாடசாலைக்குக் கூரை போடக் காசு அனுப்பும் சங்கத்துக்கு அவ்வளவு மினக்கெட்டார். மகளுடைய சம்பளம், வேலை நேரம், தொழில் மரியாதை பற்றிப் பேசக்கூடிய சங்கத்தின் தேர்தலோ அவர் கண்முன்னால் குப்பைக்குப் போனது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு அது இன்னும் மனதில் நிற்கிறது.

இதை ஒரு வீட்டுக் கதையாக மட்டும் நான் பார்க்கவில்லை. எங்கள் இரண்டாம் தலைமுறை இன்று கணனி, வடிவமைப்பு, அனிமேஷன், கேம் என்று பல துறைகளில் இருக்கிறது. கனடாவின் வீடியோ கேம் துறையில் நேரடியாக 32,300 முழுநேர வேலைகள் இருப்பதாக அந்தத் துறை நிறுவனங்களின் அமைப்பே 2021 அறிக்கையில் கணக்குச் சொன்னது. ரொறன்ரோவில் யூபிசாஃப்ட் கால் வைப்பதற்கு 2009இல் ஒன்ராறியோ அரசு பத்து ஆண்டுகளில் 263 மில்லியன் டொலர் தருவதாக அறிவித்தது. 800 வேலைகள் என்பது அதற்கான வாக்குறுதி. அதாவது இது எங்கள் வரிப்பணமும் கலந்த தொழில். அதில் வேலை செய்பவர்களின் குரல் எங்கே ஒலிக்கிறது என்பது எங்களுக்கும் உரிய கேள்வி.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். முதலாளிகளின் அமைப்பு வேறு, தொழிற்சங்கம் வேறு, தொழில்முறைச் சங்கம் வேறு. முதலாவதில் நிறுவனங்கள்தான் உறுப்பினர். இரண்டாவது சம்பளத்துக்காகச் சட்டப்படி பேரம் பேசும். மூன்றாவதில் தனி ஆட்கள் சந்தா கட்டிச் சேருகிறார்கள். அது பேரம் பேசாது. ஆனால் துறையின் நல்லது கெட்டதைப் பற்றிப் பேசும், ஆய்வு செய்யும், அரசுக்கும் ஊடகத்துக்கும் "இந்தத் தொழில் செய்பவர்கள் சொல்வது இது" என்று சொல்லும். சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கம், சுருக்கமாக ஐ.ஜி.டி.ஏ, இந்த மூன்றாவது வகை. 1994இல் ஏர்னஸ்ட் அடம்ஸ் தொடக்கியது. ரொறன்ரோவிலும் அதன் கிளை இயங்கியிருக்கிறது. அதன் இயக்குநர் சபைக்கு உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள்.

அந்தச் சபையில் 2009இல் நடந்த ஒரு சம்பவத்தை என் பெறாமகளுக்குச் சொன்னேன். வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

அந்த ஆண்டு சபைக்குத் தெரிவானவர்களில் ரிம் லாங்டெல் என்பவரும் ஒருவர். 'எட்ஜ்' என்ற சொல்லைத் தன் வணிகப் பெயர் என்று பல ஆண்டுகளாக உரிமை கோரி வந்தவர். பாரிஸில் இருந்த மோபிகேம் என்ற சிறிய நிறுவனம் ஐபோனுக்காக 'எட்ஜ்' என்ற பெயரில் ஒரு விளையாட்டை வெளியிட்டிருந்தது. அவருடைய உரிமைக் கோரிக்கையால் அந்த விளையாட்டு அப்பிள் கடையிலிருந்து இறக்கப்பட்டது. சின்ன உருவாக்குநர்களுக்குத் துணை நிற்க வேண்டிய சங்கத்தின் சபையில் இருப்பவரே சின்ன உருவாக்குநர் ஒருவரின் வயிற்றில் அடிக்கலாமா என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள்.

கொதித்ததோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். யாப்பை எடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிட்ட விகித உறுப்பினர்கள் கையொப்பமிட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டலாம், அதில் ஒரு இயக்குநரை நீக்கும் பிரேரணையைக் கொண்டுவரலாம் என்று இருந்தது. கையொப்பம் திரட்டத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு கோடை முடிவதற்குள் அவராகவே பதவி விலகினார். அடுத்த ஆண்டு எலெக்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு எதிராக அதே பெயருக்காக அவருடைய நிறுவனம் தொடுத்த வழக்கில், கேட்ட இடைக்காலத் தடையை கலிபோர்னியா நீதிமன்றம் மறுத்தது. அது வேறு கதை. சங்கத்தைப் பொறுத்தவரை, தெரிவில் செய்த தவறை உறுப்பினர்கள் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

அதே காலத்தில் அதே சபையில் இன்னொரு சர்ச்சையும் எழுந்தது. எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் தலைவர் மைக் கப்ஸ் அப்போது சங்கத்தின் இயக்குநர்களில் ஒருவர். 2008இல் சங்கத்தின் கருத்தரங்கு ஒன்றில், வாரத்துக்கு 60 மணிநேரமும் அதற்கு மேலும் உழைக்கத் தயாரானவர்களைத்தான் தங்கள் நிறுவனம் எடுக்க விரும்புகிறது என்ற பொருளில் அவர் பேசியது பிறகு பெரிய விவாதமானது. இதே சங்கம்தான் 2004இல் இத்தொழிலாளர்களின் வாழ்க்கைத் தரம் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே 2004இல்தான் எலெக்ரோனிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி, தன் வீட்டு ஆள் ஓய்வே இல்லாமல் வேலை செய்வதைப் பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதினார். அதைத் தொடர்ந்து வந்த மேலதிக நேரக் கொடுப்பனவு வழக்குகளை முடிக்க அந்த நிறுவனம் இரண்டு தடவையில் 15.6 மில்லியனும் 14.9 மில்லியனும் அமெரிக்க டொலர் கொடுத்தது.

மைக் கப்ஸ் செய்தது குற்றமல்ல. முறையாகத் தெரிவானவர்தான். ஆனால் ஒருவர் தலையில் இரண்டு தொப்பி. காலையில் முதலாளி, மாலையில் தொழிலாளரும் உள்ள சங்கத்தின் இயக்குநர். வேலை நேரம் பற்றிய பேச்சு வந்தால் எந்தத் தொப்பியோடு பேசுவார்? வாக்குப் போட முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்காமல் விட்டால் பிறகு கேட்க வேண்டி வருகிறது.

இது அமெரிக்கக் கதை, எங்களுக்கென்ன என்று சொல்லலாம். ஒன்ராறியோவுக்கு வருவோம். இங்கே 'தகவல் தொழில்நுட்ப வல்லுநர்' என்ற வரையறைக்குள் வரும் ஊழியர்களுக்கு, வேலை நேர உச்சவரம்பும் மேலதிக நேரக் கொடுப்பனவும் சட்டப்படி கட்டாயமில்லை. வேலைத்தர நியமங்கள் சட்டத்தின் கீழ் உள்ள 285/01 இலக்க ஒழுங்குவிதி அவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. யார் அந்த வரையறைக்குள் வருகிறார் என்பது பதவிப் பெயரை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை, செய்யும் வேலையின் தன்மையை வைத்துத்தான். ஆகவே ஒரே மேசையைச் சுற்றி இருக்கும் புரோகிராமருக்கு ஒரு நியாயம், படம் வரைபவருக்கு இன்னொரு நியாயம் என்று ஆகலாம். களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் பிள்ளைக்குக் கிழமைக்கு 44 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு சம்பளம். படித்துப் பட்டம் எடுத்துக் கணனிக்கு முன்னால் இரவு இரண்டு மணிவரை இருக்கும் பிள்ளைக்கு ஒருவேளை பீட்சா மட்டும்.

இந்த விலக்கு சரியா பிழையா என்பதில் இரு பக்க நியாயம் இருக்கலாம். ஆனால் அதைப் பற்றி அரசோடு பேசுவதற்கு முதலாளிகளுக்கு ஆள் இருக்கிறது, அமைப்பு இருக்கிறது. மற்றப் பக்கத்தில் யார்?

"அதுக்குத்தானே யூனியன்" என்றாள் பெறாமகள். நியாயமான பதில். எட்மன்டனில் பயோவெயாருக்காகச் சோதனை வேலை செய்த கீவேர்ட்ஸ் ஊழியர்கள் 2022இல் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 2023இல் பயோவெயார் ஒப்பந்தம் முடிந்ததும் அவர்களுடைய வேலையே போனது. மொன்றியலில் பெதஸ்டா ஊழியர்கள் 2024இல் தங்கள் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் பெற்றார்கள். வரும் ஆண்டுகளில் இது கூடும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர், மூன்று பேரோடு சொந்தமாகக் கேம் செய்பவர், வேலை இழந்து அடுத்ததைத் தேடுபவர் போன்றவர்களுக்குத் தொழிற்சங்கத்தின் கதவு இன்னும் அகலமாகத் திறக்கவில்லை. அவர்களுக்குத் தொழில்முறைச் சங்கம்தான் ஒரே மேடை. தவிர, தொழிற்சங்கம் வந்தாலும் அங்கேயும் தேர்தல்தான். ஒன்றில் பழகாதவர் மற்றதில் திடீரென்று பழகிவிட மாட்டார்.

நாங்கள் இதில் எப்படிப் பழகியிருக்கிறோம்? உண்மையைச் சொன்னால், பெற்றோர் தலைமுறையான எங்களிடம் பிள்ளைகள் கற்க நல்ல பாடம் அதிகமில்லை. ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் குறைவில்லை. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், பக்கத்துக் கதிரைக்காரர் வழிமொழிவார், கைதட்டல், பிறகு கொத்துரொட்டி. இல்லையென்றால் அடுத்த எல்லை: இரண்டு அணி, வாசலில் வைத்துச் சந்தா கட்டும் புது உறுப்பினர்கள், கடைசியில் சட்டத்தரணி. முதலாவதில் தேர்தலே இல்லை. இரண்டாவதில் தேர்தல் மட்டுமே இருக்கிறது. வென்றவர் இரண்டு வருடம் என்ன செய்தார் என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டின் நடிகர் சங்கத்தை எல்லோருக்கும் தெரியும். அதுவும் ஒரு தொழில்முறைச் சங்கம்தான். 2015 ஒக்ரோபரில் சரத்குமார் அணியைத் தோற்கடித்து நாசர், விஷால், கார்த்தி அணி வந்தது. சங்கத்தின் தியாகராய நகர் நிலம் பற்றிய ஒப்பந்தம் அந்தத் தேர்தலின் பெரிய விவகாரம். சொத்து யார் கையில் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள், அது ஆரோக்கியமான கேள்வி. ஆனால் 2019 ஜூன் 23இல் நடந்த அடுத்த தேர்தலின் வாக்குகள் 2022 மார்ச் 20 வரை எண்ணப்படவே இல்லை. உறுப்பினர் பட்டியல் தொடக்கம் பல தகராறுகள், வழக்கு, மேல்முறையீடு. கிட்டத்தட்ட ஒரு பதவிக்காலமே வாக்குப்பெட்டிக்குள் கழிந்தது. பட்டியலும் விதியும் தேர்தலுக்கு முன்பே தெளிவாக இல்லாவிட்டால், வாக்குக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

ஒன்ராறியோவில் இதற்கு ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. எங்களில் பலருக்கு அது தெரியாது. இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கான புதிய சட்டம் 2021 ஒக்ரோபர் 19இல் நடைமுறைக்கு வந்தது. பழைய சங்கங்கள் தங்கள் யாப்பைத் திருத்துவதற்குக் கொடுத்த மூன்று வருட அவகாசம் 2024 ஒக்ரோபர் 18உடன் முடிந்தது. இப்போது யாப்பில் பழையபடி என்ன எழுதியிருந்தாலும், சட்டத்தின் கட்டாய விதிகளுக்கு முரணானது செல்லாது. அந்தச் சட்டம் உறுப்பினருக்குக் கொடுப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு இயக்குநரின் ஒரு தவணை நான்கு ஆண்டுக்கு மேல் போக முடியாது. வாக்குரிமையில் 5 சதவீதம் உள்ளவர்கள் கையொப்பமிட்டால், நிர்வாகம் விரும்பாத ஒருவரையும் வேட்பாளராக நிறுத்தலாம். 10 சதவீதம் உள்ளவர்கள் எழுத்தில் கேட்டால் கூட்டம் கூட்ட வேண்டும். 21 நாட்களுக்குள் நிர்வாகம் அழைக்காவிட்டால், கையொப்பமிட்டவர்களில் ஒருவரே அழைக்கலாம். அப்படியான சிறப்புக் கூட்டத்தில் சாதாரணப் பெரும்பான்மையால், தேர்ந்தெடுத்த இயக்குநரை நீக்கலாம். 200 பேர் உள்ள சங்கத்தில் கூட்டம் கேட்க வேண்டியவர்கள் 20 பேர். ஒரு மினிவானும் மூன்று காரும் நிறைந்தால் போதும்!

இது ஒன்ராறியோச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கங்களுக்கு. மத்திய சட்டத்தில் பதிவானவற்றுக்கு வேறு சட்டம், ஆனால் இதே வகை உரிமைகள் அதிலும் உண்டு. அமெரிக்காவில் பதிவான சர்வதேசச் சங்கமென்றால் அதன் யாப்பைத்தான் பார்க்க வேண்டும். எங்கே பதிவு என்பதை ஒரு மின்னஞ்சலில் கேட்டு அறியலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். தேர்ந்தெடுக்கும் உரிமையை நாங்கள் பெரிதாகப் பேசுகிறோம். அதைவிடப் பெரியது, தேர்ந்தெடுத்தவரைக் கேள்வி கேட்கவும் வீட்டுக்கு அனுப்பவும் உள்ள உரிமை. 2009இல் கேம் உருவாக்குநர்கள் தங்கள் சபையைத் திருத்தியது அந்த உரிமையை வைத்துத்தான். ஆனால் அது உறுப்பினருக்கு மட்டுமே உரியது. சந்தாவைப் புதுப்பிக்காமல், மின்னஞ்சலை அழித்துவிட்டு, "அதில ஒண்டுமில்லை" என்று சொல்பவருக்கு அது இல்லை.

வேட்பாளர்களைத் தெரியாது என்பதும் ஒரு தடையல்ல. மூன்று கேள்வி போதும் என்று பெறாமகளிடம் சொன்னேன். உங்களுக்குச் சம்பளம் தருவது யார்? வேலை நேரம் பற்றிச் சங்கம் அரசிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? போன தவணையில் சபையில் இருந்திருந்தால், எதற்கு வாக்களித்தீர்கள்? பதில் சொல்பவருக்கு வாக்கைப் போடு. ஒருவரும் பதில் சொல்லாவிட்டால், அடுத்த முறை நீயே நில்.

"நானோ? சும்மா இருங்கோ சித்தப்பா" என்று சிரித்தாள். பிறகு கைபேசியை எடுத்து, அழித்த மின்னஞ்சலைத் தேடிப் பார்த்தாள். வாக்களிக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அண்ணர் எட்டிப் பார்த்து, "எத்தனை பேர் கேக்கினம்? ரெலிபோன் நம்பர் இருக்கோ?" என்றார்.